நான் லாட்ஜ் நடத்தவில்லை, மச்சான்

செங்கல்பட்டு,
செவ்வாய்க்கிழமை காலை.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய பெரிய மச்சான் முனிசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை விஜயகுமாரியின் கணவன் திருவேங்கடம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கையும் தங்கள் மருமகள் ரேணுகாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். எனக்கு மட்டும் நடுவில் சர்க்கரை கொஞ்சம் ஏறி, போன வெள்ளிக்கிழமையிலிருந்து தானாகவே இறங்கியிருக்கிறது. காரணம் கீழே வரும். அங்கே செய்யூரில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும், கடலைக் கொல்லையும் சவுக்குத் தோப்பும் செழிப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன்.

தாங்கள் அனுப்பிய ஒரு நிமிடம் நாற்பது விநாடி குரல் செய்தியை நான்கு முறை கேட்டேன். முதல் முறை கேட்டபோது எனக்கு என்று நினைக்கவில்லை, வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியது தவறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "இன்னாய்யா திருவேங்கடம், என் தங்கச்சிய சமைக்க வச்சி லாட்ஜு நடத்திகினு கீறியாமே. ரமேஷு கண்ணால பாத்துட்டு வந்து சொல்றான். பொட்டிய நீயே தூக்கிகினு போய் உள்ள வச்சியாம். பென்சன் பத்தலன்னா எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல" என்று தாங்கள் கேட்டது நியாயமான கேள்வி. தங்கள் கடலை மூட்டை ஏற்றி வரும் வேனை எங்கள் தெருவில் நிறுத்தி ரமேஷ் பார்த்ததும் நிஜம். நான் பெட்டி தூக்கியதும் நிஜம். ஆனால் நான் லாட்ஜ் நடத்தவில்லை மச்சான். நடந்தது வேறு. பதிலைக் குரலில் அனுப்பலாம் என்றால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பீர்கள், பக்கத்துக் கொல்லையில் களை எடுக்கும் ஆராயி வரைக்கும் கேட்கும். அதனால்தான் தபால்.

முதலில் ரேணுகாவின் கம்பெனியைப் பற்றித் தங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் நல்ல வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்யப் போகிறேன் என்றபோது, "அது இன்னா மார்க்கெட்டு, எங்க கீது" என்று தாங்கள் கேட்டீர்கள். எனக்கும் அப்போது தெரியாது. இப்போது தெரியும். கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது, போனில் விளம்பரம் வரவைப்பது, ஒருவர் பசிக்கிறது என்று போனில் தேடினால் நம்ம ஆளுடைய ஓட்டல் முதலில் வந்து நிற்கும்படி செய்வது. கூடப் படித்த முபஷ்ஷிரும் இவளும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் பெயரையும் ஒட்டவைத்து 'ரேமு டிஜிட்டல்' என்று போர்டு மாட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு வரைக்கும் வாரத்தில் ஒருவராவது வந்து "ராமு சார் கீறாரா" என்று கேட்கிறார். நானும் ராமு சார் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

முதல் வாடிக்கை முபஷ்ஷிரின் அப்பா கிஃபாயத்துல்லா அவர்களுடைய மெத்தைக் கடை. பிறகு கூடுவாஞ்சேரியில் ஒரு பல் டாக்டர், பிறகு ஒரு டயர் கடை, பிறகு மாமல்லபுரத்தில் சிலை செய்யும் பட்டறை ஒன்று. இரண்டு பேர் நாலு பேர் ஆனார்கள், நாலு பேர் எட்டுப் பேர் ஆனார்கள். சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த கம்பெனி முன்னறைக்குப் போனது, முன்னறை போதாமல் என் படுக்கையறைக்கு வந்தது. என் கட்டிலை மாடிப்படிக்குக் கீழே போட்டார்கள், அதற்கு மேலே யார் ஏறினாலும் எனக்கு முதலில் தெரியும். வீட்டில் சக்கரம் வைத்த நாற்காலி பத்து இருக்கிறது, சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்றுதான் மிச்சம், அதில் நான் உட்காருவேன். கல்பாக்கத்தில் முப்பத்தோரு வருடம் ஸ்டோரில் வேலை பார்த்தவன், ஒரு ஸ்குரூ வெளியே போனாலும் நோட்டில் எழுதியவன், ஓய்வு பெற்று வந்து மாடிப்படிக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ரேணுகாவுக்கே பாவமாகப் போயிற்று போல. "யப்பா, உனுக்கு ஒரு வேல குடுக்கட்டா" என்றாள். வாடிக்கைக் கடைகளைப் பாராட்டி ஜனங்கள் எழுதுவார்கள் இல்லையா, அதற்கெல்லாம் 'மிக்க நன்றி, மீண்டும் வருக' என்று பதில் போடும் வேலை. என் போனிலேயே ஒரு பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்தாள். பல் டாக்டருக்கு மீண்டும் வருக என்று போடக்கூடாது என்று அவர் வந்து சண்டை போட்ட பிறகுதான் தெரிந்தது, மற்றபடி இரண்டு மாதம் நன்றாகவே செய்தேன்.

இந்த நேரத்தில்தான் ஞானதாஸ் என்று ஒருவர் வந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் சவுக்குத் தோப்புக்குள் ஆறு அறையோடு தங்கும் விடுதி வைத்திருக்கிறார், 'நண்டுமேடு பீச் ஹவுஸ்' என்று பேர். இதுவரைக்கும் கம்பெனிக்குக் கிடைத்ததிலேயே பெரிய வாடிக்கை. இவர் திருப்தியானால் கடலோரம் முழுக்க இவர் சொல்லி ஆள் வருவார்கள், இவர் கோபித்துக்கொண்டால் அதே கடலோரம் முழுக்கக் கெட்ட பெயர் வரும் என்று ரேணுகா சொல்லிக்கொண்டே இருந்தாள். எட்டுப் பேரும் ஒரு மாதம் அதே வேலையாக இருந்தார்கள். அலை அடிக்கிற படம், நண்டு வறுவல் படம், குழந்தை மணலில் ஓடுகிற படம். மூன்று நாள் தொடர் லீவுக்கு முந்தின வியாழக்கிழமை விளம்பரத்தை ஓடவிட்டார்கள். விடுதிக்காகச் செய்த பெயர்ப்பலகை ஒன்று பெயிண்ட் காய்வதற்காக எங்கள் வாசல் கேட்டில் சாய்த்து வைத்திருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு நான் வழக்கம்போல நன்றி போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது போன் திரையில், 'உங்கள் இடம் மேப்பில் சரியாக உள்ளதா? உறுதி செய்யவும்' என்று ஒரு கேள்வி வந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது என் பழக்கம். பார்த்தால், மேப்பில் ஊசி குத்தியிருந்த இடத்தைச் சுற்றி வீடு வாசல் ஒன்றும் இல்லை, எல்லாம் பச்சையாக இருந்தது, ஓரத்தில் நீலமாக இருந்தது. இது எங்கே நம்ம இடம், நம்ம தெரு எங்கே, ஏரிக்கரை எங்கே என்று நினைத்தேன். அது என் வீட்டைக் கேட்கவில்லை, நண்டுமேட்டைக் கேட்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை மச்சான். கீழே 'தற்போது இருக்கும் இடத்தைப் பயன்படுத்து' என்று ஒரு பொத்தான். உள்ளே பால் பொங்குகிற வாசனை வேறு வந்தது, தங்கள் தங்கை "யோவ் அடுப்ப பாரு" என்று பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். பொத்தானை அழுத்தினேன். போன் நம்பர் கேட்டது, என் நம்பரைப் போட்டேன். 'நன்றி' என்று வந்தது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒருவர் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகப் போய் அடுப்பை அணைத்தேன்.

சனிக்கிழமை விடியற்காலையே ரேணுகாவும் முபஷ்ஷிரும் கேமராவை எடுத்துக்கொண்டு நண்டுமேட்டுக்குப் போய்விட்டார்கள். விருந்தாளிகள் வந்து இறங்குவதைப் படம் எடுக்க வேண்டுமாம். மற்றவர்களுக்கு லீவு. போகும்போது என்னிடம், "கஸ்டமருங்க யார்னா வந்தா உக்காரவச்சி காபி குடுப்பா, நா சாயங்காலம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டரை மணிக்கு எனக்கு ஒரு போன். "சார், கேட்டாண்ட கீறோம், போர்டு பாத்துட்டோம், வண்டிய உள்ள வுடலாமா" என்றார் ஒருவர். தாராளமாக விடுங்கள் என்றேன். ராணிப்பேட்டையிலிருந்து தாவீது என்பவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். சின்னப் பையன் இடுப்பில் காற்றடித்த ரப்பர் வளையம். கம்பெனி வாடிக்கைக்காரர்கள் பல விதமாக வருவார்கள், நான் யாரையும் உடையை வைத்து எடை போடுவதில்லை.

"ரூம் ரெடியா சார்?" என்றார் தாவீது.

"ரெடியா கீது. ஏசி போட்டு வச்சிருக்கேன்" என்றேன். கம்ப்யூட்டர் அறையைத்தான் சொன்னேன்.

"நாங்க நாலு பேரு."

"பரவால்ல, சேர் பத்து கீது. எவ்ளோ நேரம் இருப்பீங்க?"

"ரெண்டு நாளு இருக்கலாம்னு கீறோம் சார்."

இரண்டு நாளா என்று எனக்குக் கொஞ்சம் திகைப்பாக இருந்தது. ஆனால் டிஜிட்டல் வேலை என்றால் நேரம் பிடிக்கும் என்று ரேணுகா பல முறை சொல்லியிருக்கிறாள். வெப்சைட் முடிகிற வரைக்கும் கூடவே உட்கார்ந்து பார்க்கிற ஜாக்கிரதையான மனிதர் போல என்று நினைத்து, மரியாதைக்கு அவர் பெட்டியை நானே வாங்கி உள்ளே வைத்தேன். ரமேஷ் வேனை நிறுத்திப் பார்த்தது அந்த நேரம்தான். அந்த அம்மா குளிக்க வெந்நீர் கிடைக்குமா என்றார். தூரத்திலிருந்து வந்தவர்கள், இல்லை என்றா சொல்வது? போட்டுக் கொடுத்தேன். தங்கள் தங்கை அவர்களுக்குப் பொங்கலும் சாம்பாரும் வைத்தாள். பெரியவள் பெண் பிள்ளை, மூன்று முறை சாம்பார் வாங்கினாள். பத்து மணிக்கு அந்தச் சின்னப் பையன் வளையத்தோடு மாடிக்கு ஏறி நின்று கொளவாய் ஏரியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். "டாடி, கடல்ல அலையே வரல, மாடு நிக்குது" என்றான்.

தாவீது என்னைப் பார்த்தார். "சார், கடல் எந்தப் பக்கம்?"

"கடலா? அது மாமல்லபுரத்துல கீது. இங்கேருந்து திருக்கழுக்குன்றம் போயி அப்பால நேரா போவணும். முப்பது கிலோமீட்டர் இருக்கும்."

"அப்ப நண்டுமேடு பீச் ஹவுஸ்?"

"அதுவும் அங்கதான்."

அவர் போனை என்னிடம் காட்டினார். மேப்பில் நண்டுமேடு பீச் ஹவுஸ் என்று எழுதி, ஊசி எங்கள் வீட்டு மாடிப்படிக்கு நேராகக் குத்தியிருந்தது. கீழே என் போன் நம்பர். வாசலில் பெயர்ப்பலகை. நான் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தேன். வியாழக்கிழமை பதினோரு மணியும், அந்தப் பொத்தானும், பால் பொங்கின வாசனையும் ஒன்றாக ஞாபகம் வந்தன. அவரிடம் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வாசலில் அடுத்த கார் வந்து ஹாரன் அடித்தது.

சனிக்கிழமை மட்டும் ஐந்து குடும்பம் மச்சான். ரேணுகாவுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. விருந்தாளி வருகிற படத்தை எடுக்க அவளும் முபஷ்ஷிரும் ஞானதாஸும் மாலையும் இளநீருமாகத் தோப்பு வாசலில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார்கள், படம் கெட்டுப்போகும் என்று போனையும் அணைத்துவிட்டார்களாம். அங்கே ஒரு ஈ காக்கை போகவில்லை, எல்லாம் இங்கே வந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொருவருக்கும் வழி சொல்லி அனுப்பப் பார்த்தேன். ஆனால் தங்கள் தங்கையைத் தங்களுக்குத் தெரியும். "ரோட்ல வந்த புள்ளைங்கள வெறும் வயித்தோட தொரத்துவியா நீ" என்று சொல்லி, வந்தவர்களை எல்லாம் இலை போட்டு உட்காரவைத்துவிட்டாள். நான் வேறு வழி தெரியாமல், பழைய ஸ்டோர் பழக்கத்தில் ஒரு நோட்டை எடுத்து, வந்த நேரம், ஊர், எத்தனை பேர், எப்படித் தெரிந்து வந்தார்கள் என்று எழுத ஆரம்பித்தேன். கை சும்மா இருந்தால் பயம் அதிகமாகும்.

மத்தியானம் ஒரு மணிக்கு ரேணுகா தானாகவே கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. "யாருப்பா லொக்கேஷன மாத்தினது?" என்றாள். மச்சான், இந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன். ஊசியை மாற்றியது அறியாமல் செய்தது, அதற்குக் கடவுள் மன்னிப்பார். இது அறிந்தே செய்தது. "ரேணுகா, லைன் சரியா இல்ல, விட்டு விட்டு வருது" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஊசியைச் சாயங்காலமே சரி செய்தார்கள், ஆனால் அது எல்லார் போனிலும் மாறுவதற்கு ஒரு நாள் ஆகுமாம். ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஆறு குடும்பம் வந்தது. ரேணுகா கேட்டிலேயே நின்று கும்பிட்டு வழி சொல்லி அனுப்ப, தங்கள் தங்கை பின்னாலேயே போய் காரிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தாள். அதில் நாலு குடும்பம் கடலுக்கே போகாமல் சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டது. திங்கட்கிழமை பார்த்தால் நண்டுமேடு பீச் ஹவுஸுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுப் பாராட்டு வந்திருக்கிறது. 'கடல் இல்லை. ஆனால் சாம்பார் உண்டு' என்று ஒருவர். 'வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆள் இருக்கும்போதே ஃபேனை மட்டும் அணைத்துவிடுகிறார்' என்று ஒருவர். நன்றி போட எனக்குக் கை வரவில்லை.

ஞானதாஸ் போனிலேயே எரிமலையாகிவிட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "இன்னாமா ரேணுகா, மூணு நாள் லீவுல என் வூடு காலியா கீது. தப்பிச்சி வந்த ரெண்டு மூணு பேரும் செங்கல்பட்டு சாம்பார் மாதிரி இல்லேங்கறான். வெள்ளிக்கெழம நேர்ல வரேன். யாரு பண்ணதுன்னு எனக்குப் பேரு தெரியணும். அந்த ஆளு கம்பெனியில இருந்தா நா இருக்கமாட்டேன்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் மற்றவர்கள் எல்லாம் போன பிறகு, கம்ப்யூட்டர் அறையில் ரேணுகாவும் முபஷ்ஷிரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் படிக்குக் கீழே கட்டிலில்தான் இருந்தேன், ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது. "நீ பண்ணேன்னு ஒத்துக்கினா முடிஞ்சி போச்சி முபஷ்ஷிர்" என்றாள் இவள். "நா ஏன் ஒத்துக்கணும்? பாஸ்வேர்டு குடுத்தது நீ, நீ ஒத்துக்கோ" என்றான் அவன். "நா ஒத்துக்கினா கம்பெனி பேரே போய்டும்." "அப்ப நா சொல்லிட்டு அந்த ஆளு மூஞ்சில எப்டி முழிக்கறது?" இப்படியே போயிற்று. கடைசியில் முபஷ்ஷிர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் "வரேன் அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவன் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வரவில்லை.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை மூன்று வருடமாக எங்கள் வீட்டில் ஒருவனாக வந்து போகிறவன். ரம்ஜானுக்கு அவன் தங்கை ஜன்னா கொடுத்தனுப்புகிற நோன்புக் கஞ்சியை ஆறுவதற்குள் கொண்டுவந்து முதலில் என் கையில்தான் கொடுப்பான். கட்டிலைப் படிக்குக் கீழே போட்டபோது, தலை இடிக்கும் என்று படிக்கு அடியில் ரப்பர் ஒட்டிக் கொடுத்தவனும் அவன்தான். அவன்மேல் பழி விழுகிறது, கம்பெனி இரண்டாக உடைகிறது, நான் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவும் இறங்கவில்லை. தங்கள் தங்கை தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா நீ, ரெண்டு நாளா சோத்த பெசஞ்சிகினே கீற" என்று கேட்டாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "எல்லாம் என் சாம்பார பத்தி எழுதியிருக்காங்க, அத படிச்சி காட்டு" என்றாள். படித்துக் காட்டினேன். அத்தோடு அது போயிற்று. கம்ப்யூட்டர் இருக்கிற பக்கமே போகாமல், மாடிக்குப் போய் ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்படி ஆறு நாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஞானதாஸ் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முகத்திலும் கஞ்சி போட்ட மாதிரிதான் இருந்தது. முபஷ்ஷிரும் வந்திருந்தான், ரேணுகாவுக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்கார்ந்தான். மற்ற ஆறு பேரும் சுவரோரமாக நின்றார்கள். நான் சக்கரம் இல்லாத நாற்காலியில் இருந்தேன். ஞானதாஸ் காபியைத் தொடவில்லை. "பேரு சொல்லுங்க" என்றார்.

முபஷ்ஷிர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாயைத் திறந்தான். எனக்கு எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். "அவன் இல்ல சார். ரேணுகாவும் இல்ல. நான்தான்" என்றேன். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கேள்வி வந்தது, பச்சையாக இருந்தது, பால் பொங்கியது, அழுத்தினேன், நன்றி என்று வந்தது, லைன் சரியில்லை என்று மகளிடமே பொய் சொன்னேன், எல்லாவற்றையும் கொட்டினேன். "இந்தப் புள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல. நா இந்தக் கம்பெனியில ஆளே இல்ல, சொம்மா உக்காந்துகினு இருந்தவன். என்ன வேணா சொல்லுங்க, கம்பெனிய வுட்டுப் போவாதீங்க" என்றேன். ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. முபஷ்ஷிர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பிள்ளைகளை இப்படி அழவைத்துவிட்டோமே என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஞானதாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினி பேரு வந்தாங்க?" என்றார். வாயால் சொன்னால் நம்ப மாட்டார் என்று நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ராணிப்பேட்டை, நான்கு பேர், போன் விளம்பரம். ஓசூர், ஆறு பேர், போன் விளம்பரம். திருவண்ணாமலை, மூன்று பேர், தேடிப் பார்த்தது. பதினோரு வரியையும் படித்துவிட்டுத் திரும்ப முதல் வரிக்குப் போனார்.

"பதினோரு குடும்பம். எல்லாம் என் வூட்டுக்குன்னு கெளம்பி வந்தவங்களா?"

"ஆமா சார். நண்டு வறுவல் எங்கன்னு எல்லாரும் கேட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஈசிஆர் ரோட்டுல ரெண்டு வருஷமா ஆளுயர போர்டு வச்சிகினு கீறேன். ஒரு லீவுக்கு ரெண்டு குடும்பம் வந்தா அதிசயம். இவங்க ரெண்டு நாள்ல ஓசூர்லேருந்து ஆள கெளப்பி கூட்டிகினு வந்துட்டாங்க. அட்ரஸுதான் தப்பு." நோட்டை மூடினார். "அட்ரஸ மாத்தறது ஒரு பட்டன். ஆள வீட்டவுட்டு கெளப்பறது பட்டன்ல இல்ல." பிறகு ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். உள்ளேயிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. "அதான் அந்தச் சாம்பாரா?" என்று கேட்டார். நாலு தோசை சாப்பிட்டார் மச்சான். போகும்போது என் தோளில் கை வைத்து, "நீங்க மட்டும் என் பீச் ஹவுஸ போன்ல தொறக்காதீங்க சார், நேர்ல எப்ப வேணா வாங்க" என்றார்.

அவர் போய்ச் சும்மா இருக்கவில்லை. அந்த நோட்டுப் பக்கத்தை அவர் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்க் கடலோரம் முழுக்கக் காட்டியிருக்கிறார். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளில் சதுரங்கப்பட்டினம் வரைக்கும் ஐந்து விடுதிக்காரர்களும் ஒரு நண்டு ஓட்டல்காரரும் ரேமு டிஜிட்டலைத் தேடி வந்துவிட்டார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, "எங்க அட்ரஸு யாரு போடுவாங்க" என்பதுதான். நான் எழுந்து மாடிக்குப் போய்விடுவேன். இனி இந்த வீடு கம்பெனிக்குப் போதாது என்று கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி முழுக்கப் பார்த்து முடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதி பால் காய்ச்சுகிறார்கள், தாங்களும் அக்காவும் அவசியம் வர வேண்டும். சக்கர நாற்காலி பத்தும் போகிறது. என் கட்டில் என் அறைக்குத் திரும்புகிறது. நேற்றே ஒரு பக்கம் இழுத்துப் போட்டுப் பார்த்தேன், நிமிர்ந்து உட்கார்ந்தால் தலைக்கு மேலே காற்று இருக்கிறது. சர்க்கரை இறங்கின காரணம் இதுதான்.

ஆகையால் மச்சான், நான் லாட்ஜ் நடத்தவில்லை, தங்கள் தங்கையைச் சமையலுக்கு வைக்கவில்லை, அவளாகச் சமைத்தாள். பென்சன் போதும். தங்கள் மருமகள் கம்பெனி மூடவில்லை, வளர்ந்துவிட்டது. என் ஒரு சொல்லால் இரண்டு பிள்ளைகள் பிரியாமல் போனார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. இதைத் தங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? ரமேஷிடம் மட்டும் விவரத்தைச் சொல்லிவிடவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு, தங்கள் மாடு கன்றுக்கு என் விசாரிப்பு. எல்லார் வீட்டிலும் நல்லதே நடக்கட்டும்.

தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
திருவேங்கடம்.

பி.கு.: எழுத்துப்பிழை பார்ப்பதற்காக மேற்படி கடிதத்தை ரேணுகாவிடம் கொடுத்தேன். படித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். யார் எதை மாற்றினாலும் பேரோடு உள்ளே பதிவாகுமாம். என் பேர் மட்டுமில்லை, ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு எடுத்த என் போட்டோவும் பக்கத்தில் வருமாம். சனிக்கிழமை மத்தியானமே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போட்ட சண்டை, என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஞானதாஸிடம் யார் மாட்டிக்கொள்வது என்பதற்காம். முபஷ்ஷிர் மூன்று நாள் வராதது கோபித்துக்கொண்டு இல்லை, கூடுவாஞ்சேரியில் இடம் பார்க்கப் போயிருக்கிறான். வெள்ளிக்கிழமை அவன் வாயைத் திறந்தது, 'சர்வர் ப்ராப்ளம்' என்று சொல்வதற்காம். "சர்வர்னு சொல்லியிருந்தா அவரு கம்முனு ஒத்துக்கினு போயிருப்பாருப்பா. நீ எழுந்து நின்னதும் கான்ட்ராக்டு போச்சின்னு நானும் அவனும் பல்ல கடிச்சிகினு கீறோம், நீ அழுவறோம்னு எழுதி வச்சிருக்க" என்கிறாள். அப்படியென்றால் ஆறு நாள் நான் சோறு தண்ணி இல்லாமல் தவித்தபோது ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "அந்த ஆறு நாளும் நீ கம்ப்யூட்டர் பக்கமே வரலப்பா. ஆபீசு அவ்ளோ நல்லா ஓடுச்சி."